வீடியோ போக்கரும் ஸ்லொட் இயந்திரமும்: நிகழ்தகவு வேறுபாடு

வீடியோ போக்கரும் ஸ்லொட்டும் கசினோக்களில் அருகருகே நிற்கும் காசு இயந்திரங்கள். இரண்டிலும் முடிவைத் தருவது எழுமாற்று எண்களைப் பிறப்பிக்கும் ஒரு நிரல்தான். ஆனால் முதலாவதன் வெற்றி வாய்ப்பை ஆடுபவரே திரையைப் பார்த்துக் கணக்கிடலாம். இரண்டாவதில் அதற்கு வழியில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ 304 சீட்டாட்டம் ஆடிப் பழகியவருக்கு இதன் அடிப்படை புதிதல்ல. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓர் இனத்துக்கு 76 புள்ளி. நான்கு இனத்துக்கும் 304. கட்டில் இருப்பது தெரிவதால்தான் இன்னும் விழாத சீட்டை ஊகிக்க முடிகிறது.

வீடியோ போக்கரிலும் அப்படியே. 52 சீட்டுக் கட்டில் கைக்கு வந்த ஐந்தில் நான்கு ஒரே இனமானால், மிச்ச ஒன்றை மாற்றும்போது காணாத 47 சீட்டில் 9 அந்த இனத்தவை. ஐந்தும் ஒரே இனமாகும் ஃபிளஷ் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 19.1 வீதம். 'ஜாக்ஸ் ஓர் பெட்டர்' ஆட்டத்தில் ஃபுல் ஹவுஸுக்கு (மூன்றும் இரண்டுமாக ஒத்த சீட்டுகள்) 9 மடங்கும் ஃபிளஷுக்கு 6 மடங்கும் தரும் இயந்திரம், ஐந்து நாணயம் வைத்துப் பிழையின்றி ஆடினால், நீண்டகாலத்தில் 99.54 வீதத்தைத் திருப்பித் தரும். அவை 8, 5 ஆகக் குறைந்தால் 97.30 வீதமே. ஸ்லொட்டிலோ கண்ணுக்குத் தெரியும் சக்கரம் கணக்கைச் சொல்வதில்லை. 1984இல் இங்கே டெல்னஸ் (Inge Telnaes) என்பவர் காப்புரிமை பெற்ற முறையின்படி, 22 நிலைகள் கொண்ட சக்கரத்துக்குப் பின்னால் நிரல் 64 நிலைகளை வைத்திருக்கலாம். மூன்று சக்கரங்களில் 10,648 சேர்க்கைகள் என்று ஆடுபவர் எண்ணுவார். உள்ளே இருப்பவை 262,144.

இரண்டும் எழுமாற்றானவை என்றால் வேறுபாடு எதற்கு என்று கேட்கலாம். எழுமாற்று என்பதால் எல்லா முடிவுக்கும் சம வாய்ப்பு என்றாகாது. நிரலில் எந்தச் சின்னத்துக்கு எத்தனை நிலை என்பதே ஸ்லொட்டின் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் போக்கரில் காசு பார்க்கலாமா? 99.54 வீதமும் நூறுக்குக் குறைவுதான். அதுவும் எந்தச் சீட்டை வைப்பது, எதை விடுவது என்பதில் தவறாதவருக்கு மட்டும். மணிக்கு 600 ஆட்டம், ஆட்டத்துக்கு 100 ரூபா என்றால், 8-5 அட்டவணையில் சராசரி இழப்பு 1,620 ரூபா.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், இயந்திரச் சீட்டுகள் உண்மையான கட்டின் நிகழ்தகவையே பின்பற்ற வேண்டும் என்பது விதி. இலங்கையில் கசினோக்களுக்கென 2010இன் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கொழும்பில் சிட்டி ஒவ் ட்ரீம்ஸ் கசினோ திறக்கப்பட்ட 2025இல், சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டமும் நிறைவேறியது. ஸ்லொட்டின் திருப்பிச்செலுத்தும் வீதத்தை இயந்திரத்தின் முகப்பிலேயே எழுதவைப்பது அத்தகைய அதிகாரசபை செய்யக்கூடிய எளிய காரியம். விலை தெரியாமல் வாங்குபவருக்கு அதுவே குறைந்தபட்சப் பாதுகாப்பு.