சாக்பீஸ் கோடுகளும் காகித இதயங்களும்

19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் பலவற்றில் டிசம்பர் பிறந்ததும் கதவிலோ சுவரிலோ சாக்பீஸால் 24 கோடுகள் போடுவார்கள். நாளுக்கு ஒரு கோட்டை வீட்டுக் குழந்தை அழிக்கும். எல்லாக் கோடுகளும் அழிந்துவிட்டால் கிறிஸ்துமஸ் மாலை வந்துவிட்டது என்று அர்த்தம். சில வீடுகளில் கோட்டுக்குப் பதிலாக நாளுக்கொரு படம் சுவரில் ஏறும். காலி மாட்டுத்தொழுவ பொம்மையில் தினம் ஒரு வைக்கோல் துரும்பைக் குழந்தை வைப்பது கத்தோலிக்கர் வழக்கம்.

இன்று பாலர் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் டிசம்பரில் சுவரை நிறைக்கும் காகித நட்சத்திரம், மரம், சங்கிலி ஆகியவற்றின் கதையை அந்தக் கோடுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். சுவர் அழகாக வேண்டும் என்று யாரும் அந்தக் கோடுகளைப் போடவில்லை. நாள் எண்ணத் தெரியாத குழந்தைக்கு, காத்திருக்கும் காலத்தைக் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது.

ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய பாதிரியார் யோகான் ஹின்ரிக் விக்கெர்னும் இதே தேவையைச் சந்தித்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்க, 1839-ல் ஒரு மரச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை வரிசையாக நட்டார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை வத்தி, மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு வத்தி, ஒரு நாளைக்கு ஒன்றாக ஏற்றப்பட்டது. தாமஸ் மன் 1901-ல் வெளியிட்ட ‘புடன்புரூக்ஸ்’ நாவலிலும் இந்தக் காத்திருப்பு வருகிறது. சிறுவன் ஹன்னோவுக்காக அவனை வளர்க்கும் இடா தன் கையாலேயே ஒரு நாள்காட்டி செய்கிறாள். அதன் கடைசித் தாளில் ஒரு மரம் வரைந்திருக்கும். கெர்ஹார்ட் லாங் என்ற சிறுவனுக்கு அவன் அம்மா 24 சின்ன பிஸ்கட்டுகளை அட்டையில் தைத்துக் கொடுத்தார். அவர் பெரியவராகி மியூனிக்கில் அச்சுத்தொழிலுக்கு வந்தபோது அந்த அட்டையே அச்சிட்ட கிறிஸ்துமஸ் நாள்காட்டியாக மாறி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைக்கு வந்தது.

நட்சத்திரத்தின் கதை இதைவிட நெஞ்சைத் தொடும். சாக்ஸனியின் கிழக்குப் பகுதியில் நீஸ்கி என்ற சிற்றூரில் மொரேவிய சகோதர சபை ஓர் உறைவிடப் பள்ளி நடத்தியது. 1821-ல் அப்பள்ளியின் 50ஆம் ஆண்டு விழாவில் 110 முனைகள் கொண்ட காகித நட்சத்திரம் ஒன்று உள்ளே விளக்கேற்றித் தொங்கவிடப்பட்டது. வடிவக் கணிதப் பாடத்தோடு ஒட்டிப் பிறந்தது அது. மாணவர்கள் காகிதத்தை மடித்துக் கூம்புகள் செய்து, பசை தடவி, முக்கோணமும் சதுரமுமாக அடிப்பக்கங்களைப் பொருத்திப் படித்தார்கள். இந்தச் சபையார் கடல் கடந்த நாடுகளுக்கு ஊழியம் செய்யப் போனபோது பிள்ளைகளை இத்தகைய பள்ளிகளில்தான் விட்டுச் சென்றார்கள். பெற்றோர் ஆண்டுக்கணக்கில் தொலைவில் இருக்க, கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முந்தைய ஞாயிறு வந்ததும் அந்தப் பிள்ளைகள் நட்சத்திரம் செய்ய உட்கார்ந்தார்கள். அந்தப் பசையும் காகிதமும் அவர்களுக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்!

இதே சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, பொறையாறு அருகே தோட்டமும் வீடுகளும் அமைத்து வாழ்ந்தார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டு தொடங்கியதும் திரும்பிவிட்டார்கள். நீஸ்கி நட்சத்திரம் பிறந்தது அதற்குப் பிறகுதான். ஆகவே நம் ஊர் வாசல்களில் எரியும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அவர்கள் கொண்டுவந்து சேர்த்ததாகச் சொல்ல வழியில்லை. ஜெர்மனியிலோ 1897 வாக்கில் ஹெர்ன்ஹூட் நகரில் அதைத் தயாரித்து விற்கவே தொடங்கிவிட்டார்கள். இன்றும் காகித நட்சத்திரத்தின் முனைகள் அங்கிருந்து தனித்தனியாகத்தான் வருகின்றன. கோப்பது வீட்டாரின் வேலை.

இவை பள்ளி வயதுப் பிள்ளைகளின் கைவேலை. மூன்று நான்கு வயதுக் குழந்தையின் கையில் காகிதத்தைக் கொடுத்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். 1837-ல் துரிங்கியாவின் பாட் பிளாங்கன்பூர்க்கில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். ஊசியால் தாளில் துளையிட்டு உருவம் காண்பது, அந்தத் துளைகளில் வண்ண நூல் கோப்பது, மடிப்பது, வெட்டுவது, முடைவது என்று கைவேலைகளை எளியதிலிருந்து கடினமானதற்கு அடுக்கினார். முடையும் பாடத்தில், கீறிய தாளுக்குள் வண்ணப் பட்டையை ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று பாய் முடைவது போலக் குழந்தை செலுத்த வேண்டும். விரல் பழகும்போதே எண்ணும் பழகிவிடும். நான்கு காகிதப் பட்டைகளை மடித்துச் செய்யும் நட்சத்திரம் ஒன்று ஜெர்மனியில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவரே அதைக் கண்டுபிடித்தார் என்பதற்குச் சான்று இல்லை.

1851-ல் பிரஷ்ய அரசு நாத்திகம் பரப்புவதாகச் சொல்லிக் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. மறு ஆண்டே ஃப்ரோபெல் இறந்துபோனார். 1860-ல் தடை நீங்குவதற்குள் இம்முறை லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டது. 1876-ல் டோக்கியோவில் தொடங்கிய கிண்டர்கார்ட்டனிலும் இதே கைவேலைகள் பாடமாயின.

முடையும் பாடம் டென்மார்க்கில் மிக அழகாகப் பூத்தது. இரண்டு வண்ணத் தாள்களை மடித்து, ஒரு முனையை வளைவாக வெட்டி, மறுமுனையில் கீறி, ஒன்றின் பட்டைக்குள் மற்றதன் பட்டையை நுழைத்தால் இதயம் உருவாகும். விரித்தால் அது சின்னக் கூடை, உள்ளே மிட்டாயும் கொட்டைகளும் போடலாம். இன்று அறியப்பட்டவற்றில் பழைய இதயத்தை 1860-ல் செய்தவர் குழந்தைக் கதைகளின் ஆசான் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். 1871-ல் வீட்டுக் கைவினைக்கான டேனிஷ் இதழ் ஒன்று செய்முறையை அச்சிட்டது. 1910-களில் கிண்டர்கார்ட்டன்கள் வழியாக நாடெங்கும் பரவியது. பளபளப்புத் தாளில் இதயம் முடைந்தால் குழந்தைகளின் விரல்கள் நுட்பமாகப் பழகும் என்று நம்பினார்கள். டிசம்பரில் பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும் நாள் இன்றும் டேனிஷ் பள்ளிகளிலும் காப்பகங்களிலும் தவறாமல் நடக்கிறது.

இப்போது பல இடங்களில் அச்சில் வெட்டிய நட்சத்திரம் பொட்டலமாக வருகிறது. குழந்தை ஒரு சொட்டுக் கோந்து வைக்க, மீதியை ஆசிரியரே முடித்துவிடுகிறார். சுவர் நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் ஃப்ரோபெல் குழந்தைக்கென்று ஒதுக்கிய வேலை பறிபோய்விடுகிறது. காப்பக ஆசிரியர்களே, இந்த டிசம்பரில் முனை மழுங்கிய கத்தரியைக் குழந்தைகளிடமே கொடுங்கள். கோணல் நட்சத்திரத்தைத் திருத்தாமல், குழந்தையின் கண் எட்டும் உயரத்திலேயே ஒட்டுங்கள்.