செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் சென்சரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்: பழைய காரின் புகைக்குழாய் பற்றிச் சில குறிப்புகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்த்துச் சொல்லப்படும் விலை மாதச் சம்பளக்காரர் எட்டிப்பார்க்கக்கூடிய ஒன்றாக இல்லை. ஆகவே எங்கள் வீதிகளில் ஓடுபவற்றில் கணிசமானவை இருபது, இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஜப்பானியக் கார்கள். அவற்றை இன்னும் சில வருடங்களுக்கு ஓட்டியே ஆகவேண்டும் என்பதே பல குடும்பங்களின் நிலை.

இந்தக் கார்களில் ஒரு நாள் மஞ்சள் நிறத்தில் செக் எஞ்சின் விளக்கு எரியும். அல்லது விளக்கு எதுவும் எரியாமலேயே பெற்றோல் செலவு கூடும். கராஜுக்குப் போனால் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது, “ஒட்சிசன் சென்சர் போயிட்டுது, மாத்த வேணும்” என்பதுதான். சில வேளைகளில் அது உண்மை. பல வேளைகளில் பாதி உண்மை.

எங்கள் வீட்டில் இருப்பது 2001இல் தயாரிக்கப்பட்ட ஒரு செடான். அப்பாவினுடையது. ஒரு லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் ஓடியது எட்டுக்கு வந்து நின்றபோது மூன்று கராஜ்களுக்குக் கொண்டுபோனேன். மூன்று பதில்கள் கிடைத்தன. முதலாமவர் இரண்டு சென்சர்களையும் மாற்றச் சொன்னார். இரண்டாமவர் கற்றலிட்டிக் கொன்வேட்டரை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடலாம், கூலி வேண்டாம், கழற்றுவதைத் தன்னிடம் விட்டால் போதும் என்றார். மூன்றாமவர் காரை இரவு முழுக்க நிறுத்திவைக்கச் சொல்லி, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, டோர்ச்சுடன் குனிந்து பார்த்தார்.

“தம்பி, சென்சர் பொய் சொல்லேல்லை. முன் பைப் வெடிச்சிருக்கு. அதுக்குள்ளால காத்து போகுது. சென்சர் கண்டதைச் சொல்லுது.”

அவர் சொன்னது விளங்க, இந்தச் சென்சர் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெற்றோல் முழுமையாக எரிய ஒரு பங்கு எரிபொருளுக்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று தேவை. இந்த விகிதத்தைக் காரின் கணினி ஓட்டத்திலேயே சரிசெய்துகொண்டிருக்கிறது. அதற்குத் தகவல் கொடுப்பது புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் ஒட்சிசன் சென்சர். உள்ளே இருப்பது சிர்க்கோனியா என்ற பீங்கான் வகை. ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் படும்போது, இரண்டிலும் உள்ள ஒட்சிசன் அளவின் வித்தியாசம் சிறு மின்னழுத்தமாக மாறுகிறது. புகையில் ஒட்சிசன் குறைவாக இருந்தால், அதாவது பெற்றோல் கூடுதலாகப் போனால், ஏறத்தாழ 0.9 வோல்ற். ஒட்சிசன் மிகுந்திருந்தால் 0.1 வோல்ற் அளவில். நல்ல சென்சர் இந்த இரண்டுக்கும் இடையே மேலும் கீழுமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். 1976இல் வொல்வோ கார்களில் முதன்முதலில் வந்த பொஷ் சென்சரின் அடிப்படையும் இதுதான்.

ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் இந்தப் பீங்கான் வேலை செய்யும். அதற்காகவே பிற்காலச் சென்சர்களுக்குள் ஒரு ஹீற்றர் வைக்கப்பட்டது. நான்கு வயர் உள்ள சென்சரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் வழக்கமாக ஹீற்றர் வயர்கள். மல்ற்றிமீற்றரை அவற்றுக்கிடையில் வைத்தால் சில ஓம் முதல் இருபது ஓம் வரையில் ஏதாவது காட்டவேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஹீற்றர் அறுந்துவிட்டது, சென்சரை மாற்றத்தான் வேண்டும். ஐந்து நிமிட வேலை, ஆனால் இதைச் செய்யாமலேயே சென்சர் விற்கும் இடங்கள் அதிகம்.

இப்போது மூன்றாமவரின் விளக்கத்துக்கு வருவோம். சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் வெடிப்பு இருந்தால் புகை வெளியே வரும் என்றுதான் நாம் நினைப்போம். வரும்தான். ஆனால் புகை சீராக ஓடுவதில்லை. துடிப்புத் துடிப்பாக ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் குழாய்க்குள் அழுத்தம் சற்றுக் குறையும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சர் அந்த ஒட்சிசனைக் கண்டு, பெற்றோல் போதவில்லை என்று கணினிக்குச் சொல்லும். கணினி அதை நம்பிக் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றும். அப்படிப்பட்ட காருக்குப் புதுச் சென்சர் போட்டாலும் அதுவும் அதையே சொல்லும், ஏனென்றால் அது பிழையாகச் சொல்லவே இல்லை.

2022இல் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று கியூஆர் கோட்டில் அளந்து கொடுத்த நாட்களை நாம் மறக்கவில்லை. எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையிலான மூன்று கிலோமீற்றர் அந்த இருபது லீற்றரில் அறுபது கிலோமீற்றராகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு வழிப்பயணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆகவே ஒழுங்கு முக்கியம். முதலில் கசிவைத் தேடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மனிபோல்ட் பக்கம் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்து, சூடேறியதும் குறைந்துபோகலாம். உலோகம் விரிந்து வெடிப்பை மூடிவிடுவதே காரணம். மாலையில் கொண்டுபோய்க் காட்டினால் மெக்கானிக்குக் கேட்காமல் போவது இதனால்தான். காஸ்கெற் ஓரங்களிலும் பொருத்துகளிலும் கரி படிந்த கறுப்புக் கோடு இருந்தால் அதுவும் அடையாளம். இதன் பிறகே ஸ்கானர்.

ஸ்கானர் காட்டும் எண்களை அப்படியே தீர்ப்பாக எடுக்கக் கூடாது. பி0135 முன் சென்சரின் ஹீற்றர் சுற்றில் கோளாறு என்கிறது, பி0141 பின் சென்சரின் ஹீற்றர். இவை ஓரளவு நேரடியானவை. பி0171 எரிபொருள் போதவில்லை என்கிறது. இதற்குக் காரணம் கசிவாகவோ, காற்று உறிஞ்சும் பக்கத்தில் வெடித்த ஒரு ரப்பர் குழாயாகவோ, பலவீனமான பெற்றோல் பம்பாகவோ இருக்கலாம். பி0420 கொன்வேட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று சொல்கிறது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய கார்கள் சிலவற்றில் மலிவு ஸ்கானர் எதுவுமே பேசாது. அந்தந்தத் தயாரிப்புக்குரிய மென்பொருள் உள்ள ஸ்கானரைத் தேடிப் போகவேண்டும்.

சென்சர் உண்மையிலேயே வயதாகிப் போவதும் உண்டு. ஹீற்றர் இல்லாத பழைய வகை 50,000 முதல் 80,000 கிலோமீற்றர் வரையும், ஹீற்றர் உள்ளவை 100,000 முதல் 160,000 வரையும் உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. எஞ்சின் ஒயில் எரிந்தாலும், ரேடியேற்றர் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்தாலும், கண்டபடி சிலிக்கோன் பூசி காஸ்கெற் ஒட்டினாலும் அதற்கு முன்பே போய்விடும். ஈயம் இன்னொரு எதிரி. நல்லவேளையாக இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இலேயே நின்றுவிட்டது.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முன் சென்சரை மாற்றுங்கள். எரிபொருளைத் தீர்மானிப்பது அதுவே. கொன்வேட்டருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கண்காணிப்பாளர் மட்டும். முன்னது ஆடிக்கொண்டிருக்க, பின்னது ஓரளவு அமைதியாக இருந்தால் கொன்வேட்டர் வேலை செய்கிறது. பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் கொன்வேட்டர் களைத்துவிட்டது.

வாங்கும்போது காரின் மொடல் பெயரை மட்டும் சொல்லாமல், பழைய சென்சரில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். சில கார்களில் முன்னால் இருப்பது சாதாரண ஒட்சிசன் சென்சர் அல்ல. காற்று–எரிபொருள் விகித சென்சர். பார்வைக்கு இரண்டும் ஒன்று, வயர் எண்ணிக்கையும் நான்குதான். வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போட்டால் கார் ஓடும், ஆனால் ஒழுங்காக ஓடாது. பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாகங்கள் வாங்குவதில் எனக்கு மனத்தடை எதுவும் இல்லை. கதவு, லைற், ஜன்னல் மோட்டார் என்று நானும் வாங்கியிருக்கிறேன். சென்சருக்கு மட்டும் அது சரிவராது. இன்னொரு காரில் எத்தனை கிலோமீற்றர் உழைத்தது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. நல்ல பெயருள்ள தயாரிப்பின் பெட்டியில் போலி வருவதும் உண்டு என்பதால், பற்றுச்சீட்டுத் தரும் கடையில் வாங்குவது நல்லது.

கழற்றுவதுதான் சிரமமான பகுதி. 18 மில்லிமீற்றர் மரை, 22 மில்லிமீற்றர் ஸ்பானர். வயர் போவதற்கு வெட்டு விட்ட சொக்கெற் இருந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, மறுநாள் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போது முயலவேண்டும். இறுகிப் பிடித்தால் பலத்தைக் காட்டாமல் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் பூட்டி, மறுபடி திறந்து என்று பொறுமையாக எடுக்கவேண்டும். மரை கிழிந்துவிட்டால் செலவு சென்சரோடு நிற்காது. புதியதைப் பூட்டும்போது இறுகாமலிருக்கப் பூசும் பசை மரையில் மட்டும் படவேண்டும், நுனியில் படவே கூடாது. பல சென்சர்களில் அது பூசியே வரும். பெரும்பாலானவற்றுக்கு 40 முதல் 45 நியூற்றன் மீற்றர் இறுக்கம் போதும். கீழே விழுந்த சென்சரைத் துடைத்துப் பூட்ட விடாதீர்கள், உள்ளே பீங்கான் என்பதை மறக்கக் கூடாது.

வயரை ஈயம் உருக்கி ஒட்டுவதும் கூடாது. பல சென்சர்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு இடையிலிருந்தே எடுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். நெரித்துப் பூட்டும் இணைப்பியே சரி.

புகைக்குழாயின் மற்றப் பகுதிகளுக்கு எதிரி துரு. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. கொழும்பு வரை ஓடும் காரில் அது சூட்டில் வெளியேறிவிடும். வீட்டிலிருந்து சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் காரில் சைலன்சர் பெட்டிக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே கடற்காற்று தன் பங்குக்கு. சைலன்சரின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். தண்ணீர் வடியத் தயாரிப்பாளரே விட்டது. அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் பண்ணி அடைத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

வெல்டிங் என்றதும் இரண்டு விடயங்கள். தண்ணீருக்குப் பாவிக்கும் நாகம் பூசிய ஜீஐ குழாயை வெட்டி ஒட்டுப்போடுவது மலிவுதான். ஆனால் அதை உருக்கும்போது எழும் நாகப் புகை வெல்டிங் செய்பவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரக்கூடியது. கறுப்பு இரும்புக் குழாய் கேளுங்கள். மற்றது, வெல்டிங்குக்கு முன் பற்றரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையேல் கணினி பலியாகலாம்.

இனி, கூலி வேண்டாம் என்ற அந்த இரண்டாமவர். கொன்வேட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் பூசப்பட்டிருக்கிறது. பழுதானதற்கும் பெறுமதி உண்டு, வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இலவசமாகக் கழற்றித் தருவதன் கணக்கு அதுதான். கழற்றினால் கார் பறக்கும் என்பது, உள்ளே அடைத்துப்போன கொன்வேட்டர் விடயத்தில் மட்டும் உண்மை. வேகமெடுக்கும்போது மூச்சுத்திணறுவதும், தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வருவதும் அதன் அறிகுறிகள். நல்ல நிலையில் உள்ளதைக் கழற்றினால் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் நேரே வீதிக்கு வரும். 2008 முதல் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வருடாந்தம் செய்யப்படும் புகைப் பரிசோதனையில் அளக்கப்படுபவையும் இவையே.

கொன்வேட்டர் தானாகச் சாவது அரிது. பிளக்கோ கொயிலோ பழுதாகி எரியாத பெற்றோல் உள்ளே போய் எரிந்து பீங்கானை உருக்கியிருக்கும், அல்லது ஒயில் எரிந்து மூடியிருக்கும். காரணத்தைத் திருத்தாமல் புதியது போட்டால் அதற்கும் அதே கதிதான்.

எரிபொருள் சிக்கனத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை. ஆசனத்துக்குக் கீழே குழாய் வெடித்து, தரைத் தகடும் துருப்பிடித்திருந்தால், கண்ணாடி பூட்டி ஏசி போட்டு ஓடும் காருக்குள் அது வரலாம். நீண்ட பயணத்தில் பின்னால் இருப்பவர்களுக்குத் தலையிடி, குமட்டல், அசதி வந்து, இறங்கி நின்றால் சுகமாகிறது என்றால் அதைப் பயணக் களைப்பு என்று விடாதீர்கள்.

எங்கள் காருக்கு முன் பைப்பும் இரண்டு காஸ்கெற்றுகளும் மாற்றினோம். முன் சென்சரின் ஹீற்றரையும் அளந்தார்கள், அது நன்றாக இருந்தது. சென்சர்கள் இரண்டும் பழையவைதான். இப்போது லீற்றருக்குப் பத்தரை ஓடுகிறது. மிச்ச அரைக் கிலோமீற்றருக்கு அடுத்த மாதம் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்று அண்ணை சொல்லியிருக்கிறார்.