காற்றைக் கணக்கிட்ட வரலாறு

1,000 கஜத் தொலைவில் இலக்கைச் சுடும் போட்டியாளர் ஒருவர், குண்டின் எடை, அது குழல்வாயை விட்டு வெளியேறும் வேகம், காற்றின் வெப்பநிலை, அழுத்தம், திசை ஆகியவற்றைக் கைபேசியில் பதிந்தவுடனே, குறிநோக்கியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற விடையை இன்று பெற்றுவிடுகிறார். எறியப்பட்ட பொருளின் இயக்கத்தை ஆராயும் எறியியல் என்னும் துறை, ஏறத்தாழ 280 ஆண்டுகள் காற்றோடு போராடிச் சேர்த்த செல்வமே அந்த விடை.

எறியப்பட்ட பொருள் பரவளையம் என்னும் சமச்சீர் வளைவில் செல்வதாகக் கலிலியோ 1638-இல் நிறுவியது காற்றில்லாத வெளிக்கு முழுதும் பொருந்தும் உண்மையே எனினும், பீரங்கிக் கலை நூலோர் காற்றின் தடையைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றே நெடுங்காலம் நம்பினர். இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் வெளியிட்ட நூல் அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. தொங்கவிடப்பட்ட கனத்த ஊசல் ஒன்றின் மீது குண்டைச் சுட்டு, ஊசல் பின்னோக்கி ஆடிய அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்த அவர், பரவளையக் கணக்குப்படி 16 மைல் செல்ல வேண்டிய 24 பவுண்டுப் பீரங்கிக் குண்டு உண்மையில் 3 மைல்கூடச் செல்வதில்லை என்று காட்டினார். கணித மேதை ஆய்லர் அந்நூலை 1745-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தினும் பெரிதான விளக்கவுரை எழுதினார் என்பதே அதன் பெருமைக்குச் சான்று. பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் செப்பனிட வந்த ராபின்ஸ், 1751 ஜூலையில் கடலூரின் புனித டேவிட் கோட்டையிலேயே காய்ச்சலால் இறந்தார். தேவனாம்பட்டினத்தில் அக்கோட்டையின் எச்சங்களைக் காணச் செல்வோர், கிளைவின் பெயரோடு இந்த அறிஞரின் பெயரையும் நினைவுகூர வேண்டும்.

தடை உண்டு என்று அறிவது ஒன்று, அதைக் கணக்கில் கொண்டுவருவது வேறு. வேகம் மாறுந்தோறும் தடையும் மாறுவதால், குறிப்பாக ஒலியின் வேகத்தை ஒட்டி அது திடீரென ஏறுவதால், குண்டின் பாதையை ஒரே வாய்பாட்டில் அடக்க இயலாது; பாதையைச் சிறுசிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றாகக் கணிக்க வேண்டும். இந்த உழைப்பைக் குறைக்க இத்தாலியப் பீரங்கிப் படையைச் சேர்ந்த சியாச்சி 1880-இல் ஒரு சுருக்குவழி வகுத்தார். மாதிரிக் குண்டு ஒன்றுக்கு அட்டவணை அமைத்து, மற்றக் குண்டுகள் அதனோடு ஒப்பிடக் காற்றை எவ்வளவு எளிதாகக் கிழிக்கின்றன என்பதை எறியியல் கெழு என்னும் ஒற்றை எண்ணால் குறிக்கும் வழக்கம் அக்காலத்து முயற்சிகளிலேயே வேரூன்றியது. இன்றைய மென்பொருளும் அதே எண்ணைத்தான் கேட்கிறது.

கணினியின் பிறப்பும் இக்கணக்கோடு பிணைந்ததே. இரண்டாம் உலகப் போரில் ஒவ்வொரு பீரங்கிக்கும் ஆயிரக்கணக்கான பாதைகள் கொண்ட அட்டவணை தேவைப்பட, 60 வினாடி பறக்கும் ஒரு குண்டின் பாதையை மேசைக் கணக்குப் பொறியால் கணிக்கப் பயிற்சி பெற்ற ஒருவருக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் பிடித்தது. அப்பணியாளருள் பெரும்பாலோர் பெண்கள். ‘கம்ப்யூட்டர்’ என்பது அன்று அவர்களுடைய பதவிப் பெயர். அவர்களின் சுமையைக் குறைக்கப் பிலடெல்பியாவில் கட்டப்பட்டு 1946-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்னும் கணினி, அதே கணக்கைச் சுமார் 30 வினாடியில் முடித்தது. அதை இயக்கும் நிரலை வகுத்தவர்களும் அந்தப் பெண்களுள் அறுவரே என்பதை வரலாறு மிகத் தாமதமாகவே ஒப்புக்கொண்டது.

தனியாள் கணினிகள் பரவியபின் அதே கணக்கு விளையாட்டு வீரர் கைக்கு வந்தது. ஆயினும் மென்பொருள் துல்லியமாக அறிவது புவியீர்ப்பால் குண்டு எவ்வளவு தாழும் என்பதையே. மணிக்கு 16 கிலோமீட்டர் வீசும் பக்கக்காற்று, 1,000 கஜத்தில் 7.62 மில்லிமீட்டர் குண்டை 2 மீட்டருக்கும் மேல் விலக்கக்கூடியது. அந்தக் காற்றோ வழிநெடுக ஒரே சீராக வீசுவதில்லை. 1890 முதல் போட்டிகள் நடந்துவரும் இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில், காற்றை அறிய வீரர்கள் இன்றும் கொடிகளையே பார்க்கிறார்கள்.