செருகியதும் மறையும் யூஎஸ்பி: லினக்ஸில் டிரைவர் மோதலைத் தீர்ப்பது எப்படி?

ஆர்டுயினோ பலகையைக் கணினியில் செருகுகிறீர்கள். பலகையில் விளக்கு எரிகிறது. மென்பொருளிலோ போர்ட் தென்படவில்லை. வயரை மாற்றியும் பயனில்லை. 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வெளிவந்த பின் பலர் எதிர்கொண்ட சிக்கல் இது. பலகையைப் பழுதென்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஏன் மோதுகின்றன?

யூஎஸ்பி சாதனம் செருகப்பட்டதும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கணினிக்குச் சொல்லும். அவற்றைப் பார்த்தே லினக்ஸ் டிரைவரைத் தேர்கிறது. சாதனத்தின் ஓர் இடைமுகத்தை ஒரு நேரத்தில் ஒரு டிரைவரே வைத்திருக்கலாம்.

மலிவான ஆர்டுயினோ பலகைகள் பலவற்றில் உள்ள சிஎச்340 சிப்பின் அடையாளம் 1ஏ86:7523. ஒரு வகை பிரெயில் வாசிப்புக் கருவியும் இதே அடையாளத்தையே காட்டும். எனவே, விழிப்புலனற்றோருக்கான ‘பிஆர்எல்டிடிவை’ மென்பொருள் உங்கள் பலகையைப் பிரெயில் கருவியென்று எண்ணி, சரியான டிரைவரிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

கண்டறிதல்

சாதனத்தைச் செருகிவிட்டு, கெர்னல் பதிவுகளைப் பாருங்கள். ‘டிடிவையூஎஸ்பி0’ தோன்றி உடனே துண்டிக்கப்பட்டு, அருகில் பிஆர்எல்டிடிவையின் பெயரும் இருந்தால் காரணம் இதுவே. போர்ட் நிலைத்து நின்றும் அனுமதி மறுக்கப்பட்டால் அது வேறு விடயம்: உங்கள் கணக்கை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

தீர்வு

1. ‘யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி’ கோப்புறையில், 85 என்று தொடங்கும் பிஆர்எல்டிடிவை விதிக்கோப்பைக் கண்டுபிடியுங்கள்.
2. அதே பெயரில் ‘ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி’ கோப்புறைக்குப் பிரதி எடுங்கள். ஒரே பெயர் இருந்தால் இங்குள்ள கோப்பே செல்லும்.
3. பிரதியில் 1ஏ86, 7523 வரும் விதி வரியின் முன் # குறியிடுங்கள்.
4. யூடெவ் விதிகளை மீளேற்றி, சாதனத்தைக் கழற்றிச் செருகுங்கள்.

பிஆர்எல்டிடிவையை முழுதாக நீக்கிவிடும்படியே பலர் ஆலோசனை கூறுவார்கள். உங்கள் சொந்தக் கணினியில் அதனால் பாதிப்பில்லாமல் இருக்கலாம். பாடசாலை ஆய்வுகூடத்திலோ நூலகத்திலோ உள்ள பொதுக் கணினியில் அதைச் செய்தால், பிரெயில் கருவியுடன் வரும் ஒருவருக்கு அந்தக் கணினி பயன்படாமல் போகும். ஒரு வரியை முடக்கினால் தீரும் பிரச்சினைக்கு அவரது வழியை அடைக்கத் தேவையில்லை.