இரண்டு பட்டினிகள்

1873இல் லண்டனில் வில்லியம் கல் என்கிற மருத்துவர், வீட்டில் சோறிருந்தும் உண்ண மறுத்து எலும்பும் தோலுமாகிப்போன இளம்பெண்களின் நிலைக்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயர் சூட்டினார். அதே ஆண்டில் பாரிஸில் லசேக் இதையே ஹிஸ்டீரியாவின் கணக்கில் எழுதினார்.

1876 ஜனவரி 1இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அந்த வருஷமே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. உள்நாட்டிலிருந்து பசியோடு வந்த கூட்டம் தூத்துக்குடித் துறையில் இலங்கைக்குக் கப்பலேறியது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். இது மனிதர் உயிர்வாழப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். செத்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்த போர்ட்டர், பஞ்ச நோய்களைப் பற்றி 1889இல் நூல் வெளியிட்டார்.

ஒரே சாம்ராஜ்யம், ஒரே பத்தாண்டு. அங்கே பட்டினிக்கு ஒரு பெயர் தேடினார்கள், இங்கே பட்டினிக்கு ஒரு அளவு தேடினார்கள். சோறு மறுக்கப்பட்ட உடல் நிர்வாகத்தின் கைக்குப் போனது. சோற்றை மறுத்த உடல் மருத்துவத்தின் கைக்குப் போனது. இந்தப் பிரிவினையை நாமும் அப்படியே ஏற்றுக்கொண்டோம். பசியைப் பற்றி இவ்வளவு பேசிய நமது இயக்கங்கள் சாப்பிட மறுக்கிற பிள்ளையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசினாலும் 'மேல்தட்டு வியாதி' என்பதோடு சரி. உப்பளத்தில், ஒதுங்க மறைவிடம் இல்லாததால் தண்ணீரைக்கூடக் குறைத்துக் குடிக்கிற பெண்கள் உள்ள ஊரில் இந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் கோபம் நியாயமாக இருப்பதாலேயே முடிவும் சரியாகிவிடாது.

பிரிவினையை உடைத்தது ஒரு சோதனை. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். 1945இல் ஆறு மாதம் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடுதான். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று. மனசும் மாறியது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். சாப்பாட்டைத் துண்டுதுண்டாக்கி மணிக்கணக்கில் தின்றார்கள். சிடுசிடுத்தார்கள், ஒதுங்கிக்கொண்டார்கள். பிறகு சோறு கிடைத்தபோதும் சிலருக்கு நிறுத்தத் தெரியவில்லை. எந்த 'நோயும்' இல்லாதவர்கள் இவர்கள். நோயின் குணம் என்று நாம் எண்ணியவற்றில் பாதி பட்டினியின் குணம். அப்படியானால் 'திமிரு', 'பிடிவாதம்' என்று வீட்டில் சொல்வது எதை? காய்ந்த மூளையையா, பெண்ணையா?

எங்கள் கரையில் இதற்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1542இல் சவேரியார் வந்து இறங்கிய கரை இது. பரதவர் வீடுகளில் தவக்காலத்தில் 'ஒருசந்தி' இருப்பார்கள். நேர்ச்சைக்காக வயிற்றைக் காயப்போடுவது புண்ணியம். 1380இல் 33 வயதில் இறந்த சியன்னா நகர்க் கத்தரீனாள் உணவைத் துறந்தே புனிதை ஆனவள். ருடால்ஃப் பெல் 1985இல் இதைப் 'புனித அனோரெக்சியா' என்றார். கரோலின் பைனம் 1987இல் வேறுவிதமாகச் சொன்னார்: அந்தக்காலப் பெண்ணின் கையில் அதிகாரமாக இருந்தது உணவு ஒன்றே, ஆகவே அதைத் துறப்பதும் கொடுப்பதும் அவள் மொழி. சதையை உதிர்த்துப் பேயுரு வேண்டிய காரைக்காலம்மையை அறிந்தவர்களுக்குப் பைனம் சொல்வது புரியும். ஒருசந்தியெல்லாம் நோயல்ல. 1989இல் கிங்கும் புக்ராவும் வட இந்தியப் பள்ளிப் பெண்களிடம் மேல்நாட்டு வினாத்தாளைக் கொடுத்தபோது, விரதத்தையே நோயாக எண்ணிவிடும் அபாயம் தெரியவந்தது. மறுபக்க அபாயமும் உண்டு. நோன்பு முடிகிற நாளில் முடியாத நோன்பை யாரும் கவனிப்பதில்லை.

1995இல் டில்லியிலிருந்து கண்டேல்வாலும் சகாக்களும் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, வாந்தி, எடை இழப்பு, மாதவிலக்கு நின்றுபோதல் எல்லாம் இருந்தன. 'நான் குண்டு' என்கிற பயம் மட்டும் பெரிதாக இல்லை. ஆக, கண்ணாடியும் விளம்பரமும் மட்டும் காரணம் என்று சொல்லிக் கைகழுவ முடியாது. 'நெஞ்ச அடைக்கு, எறங்க மாட்டேங்கு' என்று ஒரு பிள்ளை சொன்னால் அதுவும் இதுவாக இருக்கலாம்.

வீட்டார் முதலில் உவரி அந்தோணியாரிடமோ புளியம்பட்டிக்கோ கூட்டிப்போவார்கள். அதைக் கேலி செய்வது சுலபம். அங்கே ஒரு பெண் வாய்விட்டுக் கத்தலாம், வீட்டில் முடியாது. ஆனால் இதே மன்னார் வளைகுடாக் கரையில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். நம்பிக்கையின் பெயரால் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சிகிச்சையின் சரித்திரமும் அதிகாரத்தின் சரித்திரம்தான். உறவினர்களே மோசமான பராமரிப்பாளர்கள், பிரித்து வை என்றார் கல். நூறாண்டு பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். 1970களில் ஹில்டே ப்ரூக், 'உனக்கு என்ன தோன்றுகிறது என்று நான் சொல்கிறேன்' என்கிற மருத்துவரும் அந்தத் தாயையே திரும்பச் செய்கிறார் என்று கண்டார். தன் பசியைத் தானே அறியப் பெண் கற்கவேண்டும் என்றார். 1987இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு கல்லைத் தலைகீழாக்கியது. நோய் தொடங்கி அதிக காலமாகாத இளவயதினரிடம் குடும்பத்தோடு சேர்ந்து செய்த சிகிச்சையே மேலான பலன் தந்தது. முதலில் பெற்றோர் சோறூட்டும் பொறுப்பை ஏற்பது, பிறகு சிறுகச்சிறுகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பது, கடைசியில் வளர்ச்சியின் மற்றப் பிரச்சினைகளைப் பேசுவது. தின்றுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியாவுக்கு ஃபேர்பர்ன் 1981இல் வேறு வழி எழுதினார்: நேரம் தவறாத சாப்பாடு, என்ன தின்றேன் அப்போது என்ன நினைத்தேன் என்று குறித்துவைத்தல், அந்த நினைப்பைச் சோதித்தல்.

ஒரு எச்சரிக்கை. வெகுநாள் காய்ந்த உடலுக்கு ஒரேயடியாகச் சோறு போட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிரே போகலாம். ஆகவே பேச்சுச் சிகிச்சைக்கு முன்பு, அதோடு கூடவே, மருத்துவர் வேண்டும். ஊட்டாமல் பேசிப் பயனில்லை, பேசாமல் ஊட்டியும் பயனில்லை.

கஞ்சித்தொட்டி திறக்கச் சொல்லிப் போராடிய நாம், 'சாப்பிட்டியாளா?' என்று நலம் விசாரிக்கும் நாம், அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளை 'ம்' என்று பொய் சொல்லும்போது அதைக் கேட்கத் தெரிந்திருக்கிறோமா? பசி அரசியல் என்றால் பசிக்காதது மட்டும் எப்படி அந்தரங்கமாகும்?