உயிரி அகழ்வு (குப்பைக் கிடங்கு)

உயிரி அகழ்வு (பயோமைனிங்) என்பது பல ஆண்டுகளாகத் திறந்த வெளியில் கொட்டப்பட்ட பழைய குப்பையை நுண்ணுயிர்களின் துணையுடன் நிலைப்படுத்தி, தோண்டி எடுத்து, சலித்து, வகை பிரித்து அகற்றும் முறை ஆகும். குப்பையிலுள்ள மட்கும் பொருட்களை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைத்துத் தீங்கைக் குறைக்கும் பகுதி உயிரிவழிச் சீரமைப்பு (பயோரெமிடியேஷன்) எனப்படும். நடைமுறையில் இவ்விரண்டும் ஒரே பணியின் இரு கட்டங்களாக அமைகின்றன. குப்பை மேட்டை முழுதும் அகற்றி, அது அமைந்திருந்த நிலத்தை மீட்பதே இதன் நோக்கம்.

தாதுக்களிலிருந்து நுண்ணுயிர்களின் உதவியால் உலோகத்தைப் பிரித்தெடுக்கும் முறையும் உயிரி அகழ்வு என்றே அழைக்கப்படுகிறது. அது வேறு துறையைச் சார்ந்தது.

பின்னணி

திறந்தவெளிக் குப்பைக் கிடங்குகளில் புதிய குப்பை பழைய குப்பையின் மீதே கொட்டப்படுவதால், அடியிலுள்ள அடுக்குகளுக்குக் காற்று செல்வதில்லை. காற்றில்லாச் சூழலில் மட்கும் பொருட்கள் அழுகும்போது மீத்தேன், கரியமில வாயு ஆகியன உண்டாகின்றன. மீத்தேன் எளிதில் தீப்பற்றக்கூடியது; புவி வெப்பமடைதலுக்குக் காரணமாவது. மழைநீர் குப்பையினூடே இறங்கும்போது உருவாகும் கருநிறக் கசிவுநீர், அடித்தளத் தடுப்பு இல்லாத கிடங்குகளில் நிலத்தடி நீரை அடைகிறது.

மேடு உயர உயரச் சரிவு அபாயமும் கூடுகிறது. 2017 ஏப்ரல் 14 அன்று இலங்கையில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து குடியிருப்புகள் மீது விழுந்ததில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று தில்லியின் காசிப்பூர் குப்பை மேட்டின் ஒரு பகுதி சரிந்ததில் இருவர் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கில் பற்றிய தீயினால் நகரம் பல நாட்கள் புகையில் மூழ்கியது.

வரலாறு

பழைய குப்பைக் கிடங்கைத் தோண்டிப் பயன்படுத்தும் முயற்சிகளுள் முதலாவதாகக் குறிப்பிடப்படுவது 1953இல் இசுரேலின் டெல் அவீவ் நகரில் நடைபெற்றதாகும். பழத்தோட்டங்களுக்கு உரமண் பெறுவதே அதன் நோக்கமாக இருந்தது.

இந்தியாவில் நகரக் குப்பை குறித்து அல்மித்ரா பட்டேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளுக்கு வழிவகுத்தது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பழைய கிடங்குகளை உயிரி அகழ்வுக்கு உட்படுத்த இயலுமா என ஆராயும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளித்தன. 2019இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட தூய்மை இந்தியா இயக்கத்தின் (நகர்ப்புறம்) இரண்டாம் கட்டம், பழைய கிடங்குகள் அனைத்தையும் சீரமைப்பதை இலக்குகளுள் ஒன்றாகக் கொண்டது.

செயல்முறை

1. அளவீடு: கிடங்கின் பரப்பும் உயரமும் அளக்கப்பட்டு, குப்பையின் மொத்த அளவு மதிப்பிடப்படுகிறது. பல இடங்களில் மாதிரிகள் எடுத்து ஆராயப்படுகின்றன.
2. குவித்தல்: மேடு மேலிருந்து அடுக்கடுக்காகத் தளர்த்தப்பட்டு, குப்பை சுமார் 2 மீட்டர் உயரமுள்ள நீண்ட வரிசைகளாகக் குவிக்கப்படுகிறது. இதனால் குப்பைக்குள் காற்று புகுகிறது. அடைபட்ட மீத்தேன் வெளியேறுகிறது.
3. நுண்ணுயிர்க் கரைசல் தெளித்தல்: மட்குதலை விரைவுபடுத்தவும் நாற்றத்தைக் குறைக்கவும் நுண்ணுயிர்க் கரைசல் தெளிக்கப்படுகிறது.
4. கிளறுதல்: ஏறத்தாழ வாரம் ஒரு முறை வீதம் சில வாரங்களுக்குக் குவியல்கள் புரட்டப்படுகின்றன. நுண்ணுயிர்களின் செயலால் எழும் வெப்பம் குப்பையை உலர்த்துகிறது. குவியலின் பருமனும் குறைகிறது.
5. சலித்தல்: உலர்ந்த குப்பை சுழல் சல்லடைகளில் (ட்ரோமெல்) இடப்பட்டு, துகள் அளவின்படி பிரிக்கப்படுகிறது. ஈரக் குப்பை சல்லடைக் கண்களை அடைத்துவிடும்; எனவே மழைக்காலத்தில் இப்பணி தடைப்படுகிறது.

பிரித்தெடுக்கப்படும் பொருட்கள்

* நுண்மண்: பள்ளங்களை நிரப்பவும், பரிசோதனைக்குப்பின் மண்வளம் கூட்டவும் பயன்படுகிறது.
* நெகிழி, துணி, இரப்பர் முதலியன: எரிபொருளாக சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்பப்படுகின்றன.
* கல், செங்கல், கட்டட இடிபாடுகள்: தாழ்வான நிலங்களை மேடாக்கப் பயன்படுகின்றன.
* உலோகம், கண்ணாடி: மறுசுழற்சிக்கு விற்கப்படுகின்றன.
* எதற்கும் உதவாத எச்சம்: பாதுகாப்பான நிலநிரப்பு இடத்தில் புதைக்கப்படுகிறது.

இந்திய எடுத்துக்காட்டுகள்

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் தேவ்குராடியா கிடங்கிலிருந்த பத்து இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குப்பை 2018இல் அகற்றப்பட்டது. மாநகராட்சி இயந்திரங்களை வாடகைக்கு எடுத்துத் தானே பணியை நடத்தியதால் செலவு வெகுவாகக் குறைந்தது. மீட்கப்பட்ட நிலத்தின் பரப்பு சுமார் 100 ஏக்கர்.

சென்னையின் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் அமைந்தது. இச்சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கிடங்கின் சுமார் 225 ஏக்கர் பரப்பில் தேங்கியிருந்த ஏறத்தாழ 30 இலட்சம் கன மீட்டர் குப்பையை அகற்றும் திட்டம் சுமார் 350 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்டது. பணி நடந்துகொண்டிருந்த 2022 ஏப்ரலில் அங்கு பெரும் தீ விபத்து நேர்ந்தது. வடசென்னையின் கொடுங்கையூர்க் கிடங்கிலும் பின்னர் இம்முறை மேற்கொள்ளப்பட்டது.

மாற்று முறை

குப்பை மேட்டைச் சரிவாக அமைத்து, நீர் புகாத் தாள், களிமண், மேல்மண் ஆகியவற்றால் மூடிவிடுவது மற்றொரு முறையாகும். மும்பையின் கோராய் கிடங்கு இவ்வாறு மூடப்பட்டது. இதில் குப்பை அங்கேயே இருப்பதால், வாயுவையும் கசிவுநீரையும் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். நிலமும் முழுப் பயன்பாட்டுக்குத் திரும்புவதில்லை.

சிக்கல்கள்

பேட்டரி, சாயம், மின்னணுப் பொருட்கள் முதலியன கலந்த குப்பையிலிருந்து வரும் நுண்மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இருக்கக்கூடும். நுண்ணுயிர்கள் மட்கும் பொருட்களைச் சிதைப்பனவேயன்றி உலோகங்களை அழிப்பனவல்ல. ஆகவே பரிசோதிக்கப்படாத மண்ணை வயல்களில் இடுவது கிடங்கின் நஞ்சை உணவுப் பயிருக்குக் கொண்டு செல்வதாக முடியும்.

பழைய நெகிழியில் மண்ணும் ஈரமும் மிகுந்திருப்பதால் அதன் எரிதிறன் குறைவு. சிமென்ட் ஆலை தொலைவிலிருந்தால் ஏற்றுச்செலவு கூடும். பெறுவோர் இல்லாதபோது சலித்த பொருட்கள் கிடங்கிலேயே மீண்டும் மலையாகக் குவிகின்றன; அல்லது வேறோர் ஊரின் பள்ளத்தில் கொட்டப்படுகின்றன.

கிடங்கில் பொருள் பொறுக்கி வாழ்ந்தோரின் பிழைப்பும் இப்பணியால் பாதிக்கப்படுகிறது. குப்பை பிரிக்கும் வேலையில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது தொடர்ந்து வலியுறுத்தப்படுகிறது.

உயிரி அகழ்வின் வெற்றி பெரிதும் கிடங்குக்கு வெளியே தீர்மானிக்கப்படுகிறது. ஒருபுறம் அகழ்ந்துகொண்டிருக்க மறுபுறம் தரம் பிரிக்கப்படாத புதிய குப்பை கொட்டப்படுமாயின் மேடு குறைவதில்லை. வீடுகளிலேயே மட்கும் குப்பையும் மட்காத குப்பையும் பிரிக்கப்பட்டு, அன்றாடக் குப்பை அன்றன்றே கையாளப்படும் ஊர்களில்தான் மீட்கப்பட்ட நிலம் மீண்டும் கிடங்காக மாறாமல் நிலைக்கும்.