கறுப்பு வெள்ளையில் கண்ட வண்ணக்காரர்கள்

நம் கல்லூரி பிலிம் சொசைட்டியில் 16 எம்.எம். புரொஜெக்டர் கடகடவென்று ஓடிய நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? வின்சென்ட் வான்கோவை நான் சந்தித்தது அங்கேதான். அலென் ரெனே 1948-ல் எடுத்த குறும்படம். முழுக்க ஓவியங்களை மட்டுமே காட்டி அவர் வாழ்க்கையைச் சொல்லும். மஞ்சளுக்கே பேர்போன மனுஷனைக் கறுப்பு வெள்ளையில் காட்டுறாங்களேன்னு கடைசி பெஞ்சில் சிரித்தோம். நிறம் போனதும் தூரிகை போன தடம் பளிச்சென்று தெரிந்தது; சிரிப்பு நின்றது.

பல வருஷம் கழித்துப் பார்த்தது, சாஷா கீத்ரி 1915-ல் எடுத்த படம். முதல் உலகப்போர் சமயம். ஜெர்மன் அறிஞர்கள் 1914-ல் விட்ட அறிக்கைக்குப் பதிலாக, பிரான்சின் கலைஞர்களை உயிரோடு படம்பிடித்தார். மோனே, வாயில் சிகரெட்டுடன், திரும்பித் திரும்பிக் குளத்தைப் பார்த்து வரைகிறார்.

ரெனுவாருக்கு அப்போது 74 வயது. வாத நோயில் விரல்கள் மடங்கிப்போய்விட்டன. பக்கத்தில் நிற்கும் மகன் கிளோட்தான் தூரிகையை அந்தக் கைக்குள் வைக்கிறான். ரெனுவாரை 'கவலையே தெரியாத ஓவியர்' என்று மாணவனாக இருந்தபோது கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியவன் நான்! அந்தக் கையைப் பார்த்த அன்று வெட்கமாக இருந்தது. 1919-ல் இறக்கும்வரை வரைந்திருக்கிறார்.

தெகா மட்டும் படம்பிடிக்க ஒப்பவில்லை. கீத்ரி விடவில்லை, தெருவில் போகிறவரை எடுத்துவிட்டார். பார்வை ஏறக்குறைய போன கிழவர், தொப்பியும் தாடியுமாக நம்மைக் கடந்து போகிறார். சில நொடிதான்.